திருநள்ளாறில் இறங்கி நடந்த மூன்று மைல்

காரைக்கால் மாதா கோவிலுக்கு நேர்ச்சை நடக்கப் போவதாகச் சொல்லி இரண்டு பேர் வழி கேட்டு எழுதியிருக்கிறார்கள். வழியைச் சொல்கிறேன், நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்து. 1953 தவக்காலம். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. என் ஐந்து வயது மகள் ரோசாலிக்கு விஷஜுரம் கண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. பேரளத்திலிருந்து பதினாலரை மைலும் வெறுங்காலோடு நடந்துபோய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

எங்கள் பங்குச்சாமியார் ஒப்பவில்லை. எனக்கு நீரிழிவு, இடது காலில் ஏற்கெனவே ஒரு புண் ஆறாமல் கிடந்தது. “நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் உண்டு, வாத்தியாரே. செருப்பு போட்டுக்கிட்டு ரயில்ல போங்க. மெழுகுவத்திய வச்சிட்டு மத்தியான வண்டியிலயே புள்ளகிட்ட வந்துடுங்க” என்றார். சரி சாமி என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் ஆத்திரமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டு போவதெல்லாம் ஒரு நேர்ச்சையா? மாதா ஏற்காமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவரா பதில் சொல்வார்?

பேரளத்தில் காலை ஒன்பதுக்கு வண்டி, மூன்றாம் வகுப்பு ஆறணா. எல்லையில் சுங்கக்காரர்கள் எல்லாரையும் இறக்கி மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. சும்மா நின்ற அந்த நேரத்தில், அங்கே பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. பத்தே முக்காலுக்குத் திருநள்ளாறில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். காரைக்காலுக்கு இன்னும் மூன்று மைல். அதையாவது நடப்போம், சாமியாருக்குத் தெரியவா போகிறது!

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு குதிரைவண்டிக்காரர் பக்கத்தில் நிறுத்தி, காசு வேண்டாம் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டுதல் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் மைலில் புண் திறந்துகொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது.

கோவிலை அடைந்தபோது பன்னிரண்டு இருபது. கதவு சாத்தியிருந்தது. “பன்னெண்டுக்குச் சாத்திடுவோங்க. இனி மூணு மணிக்குத்தான்” என்றார் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை. திரும்பும் வண்டி இரண்டேகாலுக்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னபடி ரயிலிலேயே வந்திருந்தால் பதினொன்றே காலுக்குக் கோவிலுக்குள் இருந்திருப்பேன். மூன்று மணிவரை காத்திருந்தால் நேர்ச்சை முடியும், ஆனால் விடியும்வரை பிள்ளை நான் இல்லாமல் கிடப்பாள். கிளம்பினால் நேர்ச்சை பாதியில் நிற்கும், அந்தக் குற்றம் அவள் தலையில் விழுமோ என்று பயம். சாமியார் சொன்னதில் நான் மீறாமல் மிச்சமிருந்தது மத்தியான வண்டி ஒன்றுதான். கதவு திறந்ததும் ஏற்றிவிடச் சொல்லி மெழுகுவத்தியைக் கோவில்பிள்ளையிடம் நீட்டினேன். புண்ணைவிட அதுதான் வலித்தது.

ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி காலைப் பார்த்தாள். “காலையிலேர்ந்து ஒரு வாய் கஞ்சி இறங்கல. நீங்க ஊட்டுனாத்தானாம்” என்றாள். உட்கார்ந்து ஊட்டினேன். ரோசாலி ஆறு கரண்டி குடித்தாள்.

ஜுரம் அன்று இறங்கவில்லை. இன்னும் ஒன்பது நாள் காய்ந்தது. ஒவ்வொரு நாளும் எழுந்து எந்தக் கோவிலுக்காவது ஓடத் தோன்றும், பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீழ்ப்படிதலைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னவன், அப்போதுதான் அதைப் படித்தேன். பத்தாம் நாள் அவள் பிழைத்தாள். எனக்குக் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள்.

போகிறவர்களுக்கு: இப்போது சுங்கச் சோதனை இல்லை. பதினொன்றுக்குள் கோவிலில் இருங்கள், குடை அவசியம். புறப்படும் முன் உங்கள் சாமியாரிடம் கேளுங்கள். போ என்றால் தாராளமாக நடங்கள். போகாதே, பிள்ளை பக்கத்தில் இரு என்றால் இருங்கள். பதினாலரை மைல் அதைவிடச் சுலபம்.