ஒரே தாளுக்குள் எல்லாப் பிள்ளைகளும்

போன செவ்வாய்க்கிழமை பார்வதி அக்கா மறுபடியும் அச்சகத்துக்கு வந்தார்.

வாரத்தில் ஒரு நாள் இந்தப் பத்தியில் உங்களோடு பேசும் நான், மற்ற நாட்களில் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், டியூஷன் விளம்பரம்... இதுதான் பிழைப்பு. மழைக்காலம் தொடங்கியபோது வந்த வேலை மட்டும் வேறு மாதிரி.

பார்வதி அக்கா தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகன் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றான். ஒரு நாள் காலையில் யாரோ வந்து, "விசாரிக்க வேண்டும்" என்று கூட்டிப்போனார்கள். யார்? அதைத்தான் அவரும் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

இப்படிப் பிள்ளைகளைத் தேடுகிற சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு தாள் அடிக்க வந்தன. மேலே, "இவர்களைக் கண்டீர்களா?" என்று மூன்று மொழிகளில். கீழே படங்களும் பெயர்களும். பொலிஸ், இராணுவ முகாம், அரசாங்கக் கச்சேரி — எங்கே போனாலும் நீட்டுவதற்கு.

படங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். அடையாள அட்டைப் படம் ஒன்று. கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிய முகம் ஒன்று, பக்கத்தில் வேறு யாருடையதோ தோள். யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் ஸ்டூடியோவில் எடுத்த பெரிய படம் கொண்டுவந்தார். அவருடைய மகன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன், பிறகு ஏறவேயில்லை.

முதல் பிரதியைக் காட்டியபோது பார்வதி அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரு மகன் பெருசா தெரியிறாரு தம்பி. எங்க புள்ள சின்னதா இருக்கான்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம் தம்பி, என்ர மகன்ர படத்தைச் சின்னனாக்குங்கோ. எல்லாப் பிள்ளையளும் ஒரே அளவில இருக்கட்டும்."

ஒரே அளவாக்கினேன். அதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் வந்தது. அதற்கடுத்த வாரம் வேறொன்று. இருப்பது ஒரே தாள். எங்கள் முதலாளி ஹனிபா நானாவின் மெஷினில் அதைவிடப் பெரிய தாள் போகாது. "இரண்டாவது தாள் ஒன்று அடிப்போமா?" என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது தாளை யார் பார்க்கப்போகிறார்கள்? எந்தத் தாய் தன் பிள்ளையை அதில் போடச் சொல்வாள்?

ஆகவே, சுருக்க வேண்டும்.

தனித்தனியாகச் சுருக்கினால் ஒருவன் பெரிதாவான், ஒருவன் சிறிதாவான். அதற்கு அந்த மென்பொருளில் வழி இருக்கிறது. எல்லாப் படங்களையும் பெயர்களையும் ஒன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சுற்றி ஒரு கட்டம் வரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அதன் மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தால் போதும் — அத்தனை முகங்களும் ஒரே விகிதத்தில் சுருங்கும். ஷிஃப்டை விட்டால் முகம் சப்பையாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் அது பகிடி. இங்கே என் விரல் ஒரு தடவைகூட ஷிஃப்டை விட்டு விலகவில்லை.

ஒவ்வொரு வாரமும் சுருக்கினேன். முகங்கள் முத்திரை அளவுக்கு வந்துகொண்டிருந்தன.

சட்டப்படி அச்சகத்தின் பெயர் கீழே வர வேண்டும். நானாவிடம் கேட்டேன். அவர் கதவை ஒரு முறை பார்த்தார். வீட்டில் அவருக்கும் வளர்ந்த மகன்கள் இருக்கிறார்கள்.

"போடாம இருக்க ஏலா. போடுங்க," என்றார். பிறகு மெதுவாக, "எல்லாத்தையும் சேத்துப் புடிச்சுச் சின்னதாக்குறீங்களே தம்பி... அதையும் சேத்துக்கோங்க."

சேர்த்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

இனி, செவ்வாய்க்கிழமை. பார்வதி அக்காவோடு அவருடைய தம்பியும் வந்திருந்தார். அக்கா கதிரையில் உட்காரவில்லை.

"எங்க புள்ள படத்த எடுத்துருங்க தம்பி."

"கெடச்சிட்டானா அக்கா?"

"கெடச்சிட்டான்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அவருடைய தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினேன்.

"ஆஸ்பத்திரியில காட்டுனாங்க," என்றார் அவர். "சட்டைய வச்சு அடையாளம் சொன்னோம்."

படத்தைத் தெரிவு செய்தேன். அழித்தேன். ஒரு விசை, அவ்வளவுதான். நடு வரிசையில் வெள்ளையாக ஓர் இடம் விழுந்தது. பார்வதி அக்கா திரைக்குக் கிட்டே வந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சும்மா விடாதீங்க தம்பி. மத்தப் புள்ளைகள கொஞ்சம் பெருசாக்கி விடுங்க."

மற்றப் படங்களை நகர்த்தி இடைவெளியை அடைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். இந்த வேலை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக மூலையை வெளியே இழுத்தேன். கூடியது ஒரு நூலளவுதான். அக்கா, "போதும்" என்றார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வியாழக்கிழமை மாஸ்டர் புதிய தாள்களை எடுக்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என்ர பிள்ளை கொஞ்சம் பெரிசாத் தெரியிறான். பெரிய தாளிலயோ அடிச்சனீங்கள்?"

"இல்லை மாஸ்டர். அதே தாள்தான்."

தாளை மேசையில் வைத்தார். விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

"இதில இல்லாதது ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டார்.