கேட்டு வாங்கிய தேங்க்ஸ்

எங்கள் அண்ணனுக்குப் பொறாமை என்பது சளி மாதிரி. காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டால், ஏற்கெனவே வாரியிருந்த தன் தலையைக் கையால் கலைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பான். இப்போது வாருவதற்குத் தலையில் அதிகம் இல்லை. குணம் மட்டும் அடர்த்தியாக இருக்கிறது. நல்லவன்தான். யாருக்கு என்ன உடைந்தாலும் கேட்காமலே ஓடிவந்து சரிசெய்து கொடுப்பான். அதே வேலையை வேறொருவன் முந்திக்கொண்டு செய்துவிட்டால் மட்டும் முகத்தை முழ நீளத்துக்குத் தொங்கப் போட்டுக்கொள்வான்.

வாஷிங் மிஷின், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பது அவன் தொழில். எங்கள் தெரு முனையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. சுவரோரம் கழற்றிய ஃபிரிட்ஜ் கதவுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் ஏதாவது ஒரு மிஷின் முதுகுத் தகடு இல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கும். ஓடுகிற மிஷின்மேல் காதை வைத்துக் கேட்பான். பேரிங் போய்விட்டதா, பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று அதிலேயே தெரிந்துவிடும் அவனுக்கு.

இங்கிலீஷ் வார்த்தைகள் அவன் கடையில் ஸ்பேனர்கள் மாதிரி. ஒன்றையே வைத்துக்கொண்டு பத்து வேலை பார்ப்பான். ‘ரெடி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை நம்பி அவன் கடைக்குத் துணி மூட்டையோடு வந்தவர்கள் உண்டு. "ரெடி சார்" என்று வேகமாகச் சொன்னால் மிஷினை இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். "ரெடிதான் சார்" என்று இழுத்தால் பிரித்துப் போட்டிருக்கிறான். "ரெடி சார், ஒரு டிரையல் மட்டும் பாக்கணும்" என்றால் பார்ட் இன்னும் வாங்கவில்லை. ‘டைட்’ அப்படித்தான். நட்டும் டைட், சட்டையும் டைட், மாதக் கடைசியில் கையும் டைட். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "உங்களுக்குப் பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டதற்கு, வாயில் பலகாரத்தை வைத்துக்கொண்டு "ஓகே" என்றான். அவ்வளவுதான். உள்ளே இருந்த அண்ணிக்கு அந்த ஓகேயின் சுரம் பிடிக்கவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லியே கல்யாணத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் அவனைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

அண்ணி ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை பார்க்கிறாள். பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று நாள் முழுக்க யாராவது கத்துவார்கள். அவள் குளிரக் குளிரப் பேச வேண்டும். அவள் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தவரை அண்ணனுக்கு அதில் பெருமைதான். "என் பொண்டாட்டி ஹெட்போன் போட்டு வேலை பாக்கறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். ஒருநாள் கம்பெனி இடத்தைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே பேசுங்கள் என்று சொல்லிவிட்டது. படுக்கையறையில் ஒரு மேசை வந்தது. அதோடு எங்கள் வீட்டுக்குச் சனியும் வந்தது.

நான் குடியிருப்பது அதே மாடியில், அவர்கள் வீட்டுக்கு எதிர்க்கதவில். மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வருகிறவன் நேரே என்னிடம் வந்து உட்கார ஆரம்பித்தான். முகம் கடுகு பொரிகிற மாதிரி இருந்தது.

"எவனோ ஒருத்தன் பார்சல் லேட்டாம். அதுக்கு இவ சாரி சொல்றா. ஒரு தடவை இல்ல, மூச்சுக்கு மூச்சு. சாரி சார், ரொம்ப சாரி சார், புரியுது சார்..."

"அது அவங்க வேலைண்ணா."

"தேங்க்ஸ் வேற சொல்றா! அவன் கத்துகத்துன்னு கத்தினதுக்கு தேங்க்ஸ்! நான் காலையில டீ போட்டுக் கொண்டுபோய் வச்சேன். என்ன சொன்னா தெரியுமா? ‘வச்சுட்டுப் போங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.’"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம வீட்டுல யாரு யாருக்கு தேங்க்ஸ் சொல்லியிருக்காங்க? அம்மா உனக்கு எத்தனை வருஷம் சோறு போட்டாங்க. ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பியா? சொல்லியிருந்தா, என்னை என்ன மூணாம் மனுஷின்னு நினைச்சியான்னு கரண்டியாலேயே போட்டிருப்பாங்க."

"அம்மா கதை வேற," என்றான். "அம்மா யாருக்குமே சொல்லல. இவ ஊருக்கெல்லாம் சொல்றா, எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கறா."

பொறாமைக்காரனின் கணக்கில் ஒரு நியாயம் எப்போதும் இருந்து தொலைக்கிறது. அவனுக்கு அண்ணி குறை வைத்தவள் இல்லை. தன் தட்டு நிறைய இருந்தாலும் அவன் தட்டிலிருந்துதான் எடுத்துத் தின்பாள். ஈரக்கையை அவன் சட்டை முதுகில் துடைப்பாள். "உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?" என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு அணைக்கிற வரை அர்ச்சனை ஓயாது. அவனும் அதைக் கேட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருந்தான். இப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. கதவுக்கு வெளியே நின்று, மிஷின்மேல் காது வைப்பது போல் வைத்து, முகம் தெரியாத ஆட்களுக்குப் போகிற சாரிகளைக் கேட்டுக் கேட்டு வெந்துகொண்டிருந்தான்.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயும் ஒரு பார்சல் அனுப்பிட்டு புகார் பண்ணு," என்றேன் ஒருநாள், எரிச்சலில்.

விளையாட்டாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, கடையிலிருந்து தன் வீட்டு விலாசத்துக்கே, அண்ணி கம்பெனி வழியாகவே அனுப்பினான். உள்ளே ஒரு செத்துப்போன ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட். வரத் தாமதமாகும், உடைந்து வரும் என்று காத்திருந்தான். அந்தக் கம்பெனிக்கும் அன்றைக்குத்தான் நேரம் நன்றாக இருந்திருக்கிறது. பெட்டி மறுநாளே மணமகள் மாதிரி அலுங்காமல் வந்து இறங்கியது. இவனே ஒரு மூலையை முழங்காலால் நசுக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்து போனை எடுத்தான்.

முதலில் வேறு வேறு பெண்கள் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தப்பான நம்பர் என்று வைத்தான். கடைசியில் அண்ணி மாட்டினாள். இரண்டு கதவும் திறந்திருந்ததால் அவள் குரல் எதிர்வீட்டு அறையிலிருந்தும் வந்தது, அடுத்த நொடி போனிலிருந்தும் வந்தது.

"வணக்கம் சார். சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

அண்ணன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான். "பார்சல் பெட்டி நசுங்கி வந்திருக்கு."

எதிர்வீட்டில் கீபோர்டு தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, "சாரி சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப சாரி. உள்ள இருக்கற பொருளுக்கு ஏதாவது சேதம் இருக்கா சார்?"

"பொருளுக்கு இல்ல. மனசுக்கு."

எதிர்வீட்டில் நாற்காலி கிறீச்சிட்டது. "அதுக்கும் சாரி சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்."

"கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ் சார்."

போனை வைத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து மிஷின் ஒரே நாளில் சரியான மாதிரி. "கேட்டியா? கேட்டியா எப்படிச் சொன்னா அவ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

வேலை முடிந்ததும் அண்ணி ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடியே வந்தாள். கண் சிவந்திருந்தது. திட்டப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். திட்டவில்லை.

"நான் பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆகும். மேல ஒருத்தங்க உக்காந்து கேப்பாங்க. உங்க குரல்னு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது. சிரிக்கவும் முடியல, வைங்க போனைன்னு சொல்லவும் முடியல. எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. அண்ணனுக்கோ நெஞ்சில் கிடந்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்கற. எனக்கு ஒரு சாரி, ஒரு தேங்க்ஸ் குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

அண்ணி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "அதுதான் வேணுமா?"

"அதுதான் வேணும்."

"சரி," என்றாள்.

அடுத்த நாளே மழை கொட்ட ஆரம்பித்தது. டீ வைத்தால் தேங்க்ஸ். கதவைத் திறந்தால் தேங்க்ஸ். குறுக்கே வந்தால் "சாரிங்க". உப்பு வேண்டுமென்றால் "அதைக் கொஞ்சம் எடுத்துத் தரீங்களா, ப்ளீஸ்". அண்ணன் மாடிப்படியில் ராஜா மாதிரி இறங்கினான். என் வீட்டுக்கு வந்து, "இன்னைக்குத் துண்டு எடுத்துக் குடுத்ததுக்குக்கூட சொன்னாடி" என்று கண்ணை உருட்டிச் சொல்வான்.

அந்தக் குதூகலம் எவ்வளவு நாள் ஓடும்? மெதுவாக அடங்கியது. ஒருநாள் தளர்ந்துபோய் வந்து உட்கார்ந்தான். என்ன ஆச்சு என்று நான்தான் கேட்டேன்.

"சாப்பிடறப்போ என் தட்டுல கை வைக்க மாட்டேங்கறாடி. வேணும்னே அவளுக்குப் பிடிச்சதை ஓரமா ஒதுக்கி வச்சேன். பாத்துட்டு, ‘வேணாங்க, தேங்க்ஸ்’னா."

எண்ணெய்க் கையோடு வெள்ளைத் துண்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தானாம். முன்பென்றால் தெருவே கூடியிருக்கும். "பரவாயில்லங்க" என்று சொல்லிவிட்டு அதைத் துவைக்கப் போட்டாளாம். ஈரச் செருப்போடு உள்ளே நடந்தானாம். அதற்கும் பரவாயில்லையாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் அவன்தான். இருந்தாலும் பெற்றவள் இல்லாத இடத்தில் நான்தானே இருக்கிறேன். அண்ணியிடம் போய்ப் பேசினேன்.

"போதும் அண்ணி. பாவம், வாடிப் போயிட்டான்."

அண்ணி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் தண்டனை குடுக்கறேன்னு நினைக்கறியா? முதல்ல ரெண்டு நாள் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் வாய்க்கு அதுவே பழகிப்போச்சு. நாள் பூரா யாரோ தப்பு பண்ணினதுக்கு நான் சாரி சொல்றேன். எவன்கிட்டயோ திட்டு வாங்கிட்டு தேங்க்ஸ் சொல்றேன். அந்த வார்த்தையெல்லாம் எதுக்குன்னு நினைக்கற? அந்த ஆளைச் சீக்கிரம் லைன்ல இருந்து அனுப்பறதுக்கு. உலகத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதான் அதைச் சொல்லாம இருந்தேன். அவரும் வரிசையில வந்து நின்னு கேட்டு வாங்கிக்கிட்டார்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, "நீ என்ன மரம் மாதிரி நிக்கற? அந்த ஓரத்தைப் பிடிடி" என்றாள். ஓடிப்போய்ப் போர்வையின் ஓரத்தைப் பிடித்தேன்.

அதன் பிறகு அண்ணி வேலை முடிந்ததும் என் வீட்டில்தான் இருப்பாள். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறப்பாள். நான் கடித்து வைத்த பழத்தை எடுத்து மீதியைத் தின்பாள். இதை அண்ணன் எதிர்க்கதவில் நின்று பார்த்துவிட்டான். சும்மா இருப்பானா? மறுநாளே ஸ்பேனர் பெட்டியோடு வந்து, "உன் மிஷின்ல சத்தம் கேக்குது, பாக்கறேன்" என்றான். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மிஷினைச் சுவரிலிருந்து இழுத்து, முதுகுத் தகட்டைக் கழற்றி, பின்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

அப்போது அண்ணி வந்தாள். மிஷினுக்குள் நான் காலையில் மறந்துபோன ஈரத்துணி கிடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அறிவிருக்காடி உனக்கு? காலையில போட்டதை இப்ப வரைக்கும் ஊற வச்சிருக்க, நாத்தம் குடலைப் புடுங்குது. சோம்பேறி! உன்னையெல்லாம் எவன்டி வச்சுக் குப்பை கொட்டுவான்?"

சரமாரியாக வந்தது. நானும் விடவில்லை, "போங்கண்ணி, நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கு" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. மிஷினுக்குப் பின்னால் ஸ்க்ரூ திருகுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அத்தனையையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி துணியை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். தரையில் பரப்பியிருந்த ஸ்பேனர்களைத் தாண்டும்போது கால் பட்டு, ஒன்று உருண்டுபோய் அண்ணன் முழங்காலில் இடித்தது.

"சாரிங்க," என்றாள். நல்ல இனிமையான குரல். ஒரு குறை சொல்ல முடியாது.

"பரவாயில்ல," என்றான் அண்ணன்.

எதிர்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை, ஏற்கெனவே டைட்டாக இருந்த ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைந்திருந்தது.

"குடுத்து வச்சவடி நீ," என்றான். "எவ்வளவு திட்டறா உன்னை."