நான்கு விரல் தடம்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டை விட்டுக் கிள்ளானுக்கு வந்தது என் பிடிவாதத்தால்தான். படி ஏறி ஏறி என் மூட்டு தேய்ந்திருந்தது. கிள்ளானில் கிடைத்தது தரை வீடு. நானும் கணவரும் மட்டும்தான், அது போதும். பக்கத்து வீட்டு ஆன்டி முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "முன்னாடி இருந்த அம்மா அந்த முன் ரூம்லதான் இறந்துபோனாங்க, நல்லவங்கதான் லா" என்றார். நல்லவர் என்பதை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது.

சாமான்களைப் பிரித்து அடுக்கியதில் மூட்டுவலி ஏறிவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது. கணவர்தான் மேல்கையைப் பிடித்து மெல்லத் தூக்கி நிறுத்துவார். கேரி தீவில் இருக்கும் அவருடைய அக்கா, கொல்லையில் விளைந்த மஞ்சளை அரைத்து ஒரு டின் நிறையக் கொடுத்தனுப்பினார். வெந்நீரில் கலக்கி மிளகுத்தூள் போட்டுக் குடித்தால் வலி ஓடிவிடுமாம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மஞ்சளுக்கு யார் அளவு கேட்பார்கள்? காலையில் இதய மாத்திரை, அதன் பின்னாலேயே குவியலாக ஒரு கரண்டி மஞ்சள். மாலையில் இன்னொரு கரண்டி. வலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

சில வாரம் கழித்து, ஒருநாள் காலையில் குளித்துவிட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். நாங்கள் படுத்த முன் அறையில் இருந்த அந்த அலமாரி இறந்துபோன அம்மாவுடையது. யாரும் எடுத்துப் போகவில்லை. என் இடது மேல்கையில் கருநீலமாக நான்கு தடங்கள், வரிசையாக. உள்பக்கம் ஐந்தாவது, சற்றுத் தடித்து. நான்கு விரலும் கட்டைவிரலும்.

வலித்த ஞாபகமே இல்லை. யாரும் இழுக்கவில்லை, நான் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. அவை மறைவதற்குள் அதே இடத்தில் புதிதாக வந்தன. பட்டப்பகலில், விசிறி மட்டும் சுற்றும் நேரத்தில், பக்கத்தில் யாரோ என்னைப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். திரும்பினால் அலமாரிதான் இருக்கும். அதன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

கணவர் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், பேய் என்றால் சிரிப்பவர். போதகரை அழைத்து ஜெபம் செய்தார். பிறகு எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஆன்டியிடம் சொல்லிக் கோயில் எலுமிச்சம்பழமும் வாங்கி வாசலில் வைத்தார். நம்பிக்கை அவ்வளவுதான்! கடைசியில் படுக்கையைப் பின் அறைக்கு மாற்றினோம். இடம் போதாததால் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது.

மறுநாளே தடங்கள் வலது கைக்கு வந்துவிட்டன.

நாங்கள் அறையை மாற்றினோம், அது கையை மாற்றிக்கொண்டது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும் என்று நினைத்து நான் அழுதேன். கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "ரத்தக்கட்டுக்கு மஞ்சள்தான் லா மருந்து, கூட ஒரு வேளை குடி" என்று பாலில் மூன்றாவது கரண்டியைக் கலக்கினார்.

அதற்கடுத்த வாரம் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. வாய் கொப்பளித்தேன், நிற்கவில்லை. தொட்டி சிவந்துகொண்டே இருந்தது. அவர் என்னை அப்படியே காரில் ஏற்றினார்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சட்டைக் கையை விலக்கிப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். "அங்கிள், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா ஆன்டி?" என்று கேட்டார்.

"அவரா? கொசு அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு."

ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இதய மாத்திரை மட்டும்தான் என்றேன், சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். வாயெல்லாம் இரத்த ருசி. பையிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். டாக்டரின் கண் அந்த மஞ்சள் தண்ணீரிலேயே நின்றது.

"எவ்வளவு நாளா இது? எவ்வளவு போடுறீங்க?"

சொன்னேன். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கணவரையும் உள்ளே அழைத்தார். "கறியில போடுற மஞ்சள் பிரச்சன இல்ல. இப்படிக் கரண்டி கரண்டியா, மிளகும் சேத்துக் குடிச்சா அதுவும் மருந்துதான். உங்க மாத்திரையே ரத்தம் உறையாம இருக்கத்தான். ரெண்டும் சேர்ந்து அளவு மீறிப்போச்சு. லேசா அமுக்கினாலே உள்ள ரத்தம் கசியும். தலைக்குள்ள கசிஞ்சிருந்தா உயிருக்கே ஆபத்து. மஞ்சள் தண்ணிய இன்னையோட விட்டுருங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக்கூடாது, நான் சொல்ற மாதிரிதான்."

மேல் சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து எழ முயன்றேன். கணவர் சில நாள் பழக்கத்தில் வலப்பக்கம் வந்து மேல்கையைப் பிடித்தார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அந்தத் தடங்களின்மேல் உட்கார்ந்தன. நான்கும் பொருந்தின. கட்டைவிரலும் பொருந்தியது.

முன் அறையில் அவர் இடப்பக்கம் நின்று தூக்குவார். பின் அறையில் சுவர் இருந்ததால் வலப்பக்கம். கணவர் சுட்டுக்கொண்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

தடங்கள் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துவிட்டன. அலமாரியில் இப்போது என் துணிகள் இருக்கின்றன. அந்த வீட்டில் எனக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் அவருக்குத்தான். நான் எழ வேண்டும் என்றால் ஒரு துண்டின் முனையை நீட்டுகிறார், மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "கையப் பிடிங்க, ஒன்னும் ஆகாது" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டுகிறார், பிடிப்பதில்லை. நான் தினமும் துண்டைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன்.