முதல் அத்தியாயம் இல்லாத நாவல்

“மழை நின்ற பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் நனையத் தொடங்கினார்கள்.”

தான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த முதல் வரி இதுவே என்று, அண்மையில் சிதம்பரத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஓர் இளம்பெண் எழுந்து சொன்னாள். தன் வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரி அது என்றும், எந்த நாவலில் வருகிறது என்பது மட்டும் மறந்துபோயிற்று என்றும் சொன்னாள். அரங்கம் கைதட்டியது. நாவல்களின் தொடக்க வரிகளைக் குறித்து உரையாற்ற அழைக்கப்பட்டவள் நான். நெடுங்காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவள். நாவலின் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டேன். அதற்குக் காரணம் மறதி அன்று.

என் சிறுவயதில் நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். வார இதழ்களில் வரும் தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் செய்து வைப்பது என் தாயாரின் வழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். ஆயினும் எங்கள் மர பீரோவில் இருந்த அளவு புத்தகங்கள் அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. அவற்றுள் ஒரு நாவலுக்கு முதல் அத்தியாயம் கிடையாது. அது வெளிவந்த வாரம் புயல் மழையில் ஓடு ஒழுகி, இதழ் கூழாகிவிட்டது. ஆகவே அந்த நாவல் எங்கள் வீட்டில் இரண்டாம் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்கும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கதை எப்படித்தான் ஆரம்பிக்கும் என்று தாயாரை நச்சரித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி, சற்று நேரம் பாத்திரத்தையே பார்த்திருந்துவிட்டு, மேற்கண்ட வரியைச் சொன்னார். இதழ் நனைவதற்கு முன்பே படித்திருப்பார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பின்னர் என் சித்திக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த ஊரில் படிப்பாளி என்று பெயரெடுத்தவர். நிச்சயதார்த்தத்தன்றே என் தாயாரிடம் படிப்பை விசாரித்து, “எட்டாவதா? சமையலுக்கு அதுவே ஜாஸ்திம்மா” என்று சிரித்தவர். தாயாரும் சிரித்தார்.

திருமணத்தன்று மாலை நலங்கு. மணமக்கள் தேங்காய் உருட்டி விளையாட, இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேலி செய்து பாடுவது வழக்கம். பெரியப்பா கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

“பாட்டெல்லாம் பழசு. நாவலோட முதல் வரிய ஒருத்தர் சொல்லணும், எதிர் வீட்டுக்காரங்க பேரச் சொல்லணும். தோத்தவங்க நின்னுக்கிட்டு, ஜெயிச்சவங்களுக்கு வெத்தல மடிச்சுத் தரணும். என்ன, கடலூர்க்காரங்க தயாரா? கருவாட்டு வெல கேக்கல, கதைதான் கேக்கறேன்.”

அவர் பக்கம் பெரும் சிரிப்பு. சித்தி மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இனி வாழ்நாளெல்லாம் அவர் இருக்கப்போவது அந்த வீட்டில். அன்று நாங்கள் வெற்றிலை மடித்திருந்தால், அந்த வெற்றிலையை அங்கே ஒருநாளும் அவர் மறந்திருக்க முடியாது.

பெரியப்பா சொன்ன வரிகளுக்கெல்லாம் என் தாயார் சமையற்கட்டு வாசலில் நின்றபடியே பெயர் சொன்னார். ஒன்றும் தவறவில்லை. எங்கள் தரப்பு சொன்ன வரிகளுக்குப் பெரியப்பாவும் தயங்காமல் பெயர் சொன்னார். அவருடைய சரக்கு தீர்ந்தது. எங்களுக்கும் கடைசி முறை வந்தது. என் தாய்மாமன் தந்தையாரின் காதில், “மச்சான், வேற எதுனா தெரியுமா? மானம் போயிடும் போலருக்கே” என்றார். தந்தையார் விட்டத்தைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். வாசலில் தாயார் வேண்டாம் என்பதுபோல் கையை உயர்த்தினார். எனக்குக் கூச்சம் வரும் என்று அஞ்சுகிறார் போலும் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்: “மழை நின்ற பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் நனையத் தொடங்கினார்கள்!”

பெரியப்பா கண்ணை மூடினார், திறந்தார், மேல்துண்டைச் சரிசெய்தார். பெயர் மட்டும் வரவில்லை. நான் நாவலின் பெயரை அறிவித்தேன்.

“அதான்! அதேதான்!” என்று தொடையில் தட்டினார். “நாக்கு நுனியில இருந்துச்சு. அந்த வாரமே படிச்சேன். என்னா வரி! நனையறதுன்னா மழையில இல்லம்மா, அது கண்ணுத் தண்ணி. மழ பேயுற சத்தத்துல அழுவுறது கேக்காது. அது நின்னப்புறந்தான் வீட்டுல அவங்கவங்க அழுவுறது தெரியுது. இந்த மாதிரி ஒரு வரி எழுத ஒரு ஜென்மம் பத்தாது.”

“அவ்ளோ தெரிஞ்சவரு பேரச் சொல்ல வேண்டியதுதானே?” என்று அவர் மனைவியே கேட்டுவிட்டார். இரு வீட்டாரும் வெடித்துச் சிரித்துக் கைதட்டினார்கள். சித்தி தலை நிமிர்ந்தார். பெரியப்பா சொன்ன சொல் தவறாதவர்; எழுந்து நின்று, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையை என் தாயாரிடம் நீட்டி, “எடுத்துக்கம்மா, எட்டாவது!” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் எங்களிடம் படிப்பை விசாரித்ததில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, நூலகத்தில் அந்த நாவலின் முழுப் பதிப்பு கைக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு ரயில் வந்து நிற்கிறது; ஒருவர் பெட்டியுடன் இறங்குகிறார். மழையும் இல்லை, வீடும் இல்லை. விடுமுறையில் வந்து தாயாரிடம் சொன்னேன்.

அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். “அப்படியா? அப்ப எழுதினவரு சரியா ஆரம்பிக்கல” என்றார்.

இப்போதும் என் கருத்து அதுவே. போட்டி முறைப்படிதான் வெல்லப்பட்டது. எதிர்த்தரப்பே வரியை ஏற்றுச் சான்றளித்தது. நாவலின் பெயரை நான் வெளியிடாததற்குக் காரணம், எவரேனும் வாங்கிப் பார்த்து அந்த ரயிலைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதே. வரிக்கு உரியவர் அந்த ஆசிரியர் அல்லர். திருப்பாதிரிப்புலியூரில் அரிசி களைந்துகொண்டிருந்த என் தாயார்.

நலங்கில் கைதட்டல் ஓயாதபோது நான் அவரிடம் ஓடினேன். கையில் வெற்றிலையுடன், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். “கண்ணுல மொளகா பட்டுடுச்சாம்மா?” என்று கேட்டேன். “ஆமா” என்றார். நானும் அதை நம்பி, கண் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.