பவுனுக்கு நான் விரித்த பஞ்சு

கொள்ளு வேகிற வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் ரசத்துக்கு வேகவைப்போமே, அது இல்லை... பெரிய அண்டா நிறையக் கொள்ளைக் கொட்டி, விறகு அடுப்பில் வேகவிடுகிற வாசனை. அதோடு குதிரை லத்தியும் ஈர வைக்கோலும் கலந்து வரும். சிலருக்குக் குமட்டும். எனக்கு அப்போது அது மூக்கில் ஏறினால்தான் பொழுதே விடிந்த மாதிரி இருக்கும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு பழைய பஞ்சு குடோனில் குதிரை லாயம் வைத்திருந்தார் சீனி அண்ணாச்சி. ஆசைப்பட்டுக் குதிரை வாங்கிவிட்டுக் கட்ட இடமில்லாமல் முழிக்கிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் விட்டுவைப்பார்கள். மொத்தம் எட்டு. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைக் குதிரை இரண்டு, பந்தயத்துக்கு ஓடுகிறது நாலு, ஒரு மிலிட்டரிக்காரரின் கிழக்குதிரை ஒன்று... அப்புறம் என் பவுனு. போலீஸ் வேலையில் ரிட்டயர் ஆன அப்பா வாங்கி, ஒரே வருஷத்தில் எங்களிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிய செவலைப் பெட்டைக் குதிரை.

நான் அப்போதுதான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். ஷிப்டுக்கு முன்னால் அரைமணி நேரம் பவுனுக்குப் பிரஷ் போட்டுவிட்டுத்தான் போவேன். மேலெல்லாம் குதிரை வாடை என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டுமே என்று நானும் வேணுமென்றே பக்கத்தில் போய் நிற்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனால் அடுப்பு எரியவில்லை. அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. வாசலில் அண்ணாச்சி நின்றார்.

"எடத்த வித்துட்டாவ தாயி. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணணுமாம்."

"இன்னைக்கு வெள்ளி, அண்ணாச்சி. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு மாசமாத் தெரியும். வேற எடம் புடிச்சிட்டுச் சொல்லுவோம்னு அலைஞ்சேன். சேத்தூர்ல ஒண்ணு அமையுற மாதிரி இருந்துச்சு... நேத்து கைய விரிச்சிட்டாவ."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்க" என்று, வந்திருந்த மற்ற குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அப்பா வயசுக்காரர். அவரோ ஒவ்வொரு குதிரைக்கும் ரெண்டு நாள் தீனியைத் தனித்தனியாகக் கட்டி, அவரவர் கையில் கொடுத்தார்.

பவுனை ரோட்டோரமாகவே வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். கார் ஷெட்டில் கட்டினேன். கீழே வெறும் சிமெண்ட் தரை, வைக்கோலும் உடனே கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் தலையணையா, மிஷின் துடைக்கவா, எல்லாவற்றுக்கும் கழிவுப் பஞ்சுதானே. கம்பெனியில் கேட்டு நாலு மூட்டை கொண்டுவந்து மெத்து மெத்தென்று விரித்தேன். "குதிரைக்கு மெத்தையா? நடக்கட்டும்ட்டி" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை பவுனு தீனியைத் தொடவில்லை. காலால் தரையைப் பிறாண்டினாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். படுத்தாள், உருண்டாள். கடைவாயில் நூலாகப் பஞ்சு தொங்கியது. தின்றிருக்கிறாள். நான் விரித்ததைத்தான் தின்றிருக்கிறாள்.

மாட்டு டாக்டர் வர மதியம் ஆகும் என்றார்கள். வேறு யாரைக் கூப்பிடுவேன்? என்ன முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணாச்சிக்கே போட்டேன்.

"படுக்க விடாத. நடத்திக்கிட்டே இரு. இந்தா வாரேன்."

குடோன் சாவியை அவர் ஒப்படைக்க வேண்டிய நாள் அது. அதை விட்டுவிட்டு மொபட்டில் வந்தார். ஷெட்டை எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"குடோன்லயும் மொத வருசம் மூலையில பழைய பஞ்சு கெடந்து, ஒரு குதிரை தின்னு தொலைச்சிருச்சு. கூட்டிட்டுப் போறப்ப உங்கிட்ட அதச் சொல்லி அனுப்பிருக்கணும். என் தப்புதான் தாயி."

என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். தெருவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடத்தினார். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றி, ஊசியும் போட்டார். "இதுக்கு மேல விடாம நடத்துறதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் பவுனு லத்தி போட்டாள், கட்டி கட்டியாகப் பஞ்சோடு. நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். நல்ல வேளை, பிழைத்துவிட்டாள்.

பவுனுக்குச் சோழபுரத்தில் தனக்குத் தெரிந்த, வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுத் தோட்டத்தில் அவரே இடம் பார்த்துக் கொடுத்தார். மற்ற ஏழுக்கும் அவர்தான் அலைந்தார். சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஆளுக்கொரு மூலையாகப் போய்விட்டன. அவருக்கென்று ஒரு குதிரைகூடக் கிடையாது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மொபட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இன்றைக்கும் போகிறார். எட்டில் இப்போது மூன்றுதான் மிச்சம். பவுனுக்கும் வயசாகிவிட்டது.

போன ஞாயிறு சோழபுரத்தில் அவரைப் பார்த்தேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு, விடு" என்றார். முன்பெல்லாம் குதிரையின் காலைத் தொடைமேல் வைத்து ஒற்றை ஆளாக லாடம் பார்ப்பவர். இப்போது பவுனின் கழுத்தைத் தடவும்போதே கை நடுங்குகிறது. இந்தக் கையோடு மொபட் ஓட்டுகிறாரே என்று எனக்குப் பதறிவிட்டது.

"இனிமே ஞாயித்துக்கெழம நான் கார் எடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி. மூணு எடத்துக்கும் சேர்ந்தே போயிட்டு வருவோம்."

மொபட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கார்ல வந்தா என் வண்டிச் சத்தம் கேக்காதே தாயி... நான் வாரேன்னு அதுகளுக்கு எப்படித் தெரியும்?"