கடைசி இருக்கை

ஆம்ப்ரோஸ் விண்ட்ரிங் பிரபுவாகப் பிறந்தவர் அல்ல. வடக்கே, ஸ்காட்லாந்து எல்லையோரம், மாடு திருட வருகிறவர்களுக்குப் பயந்து கீழ்த்தளத்தில் சன்னலே வைக்காமல் கட்டிய ஒரு கல்வீட்டில் மூன்றாவது மகனாகப் பிறந்தவர். மூத்தவனுக்கு நிலம், இரண்டாமவனுக்குத் தேவாலயம், மூன்றாமவனுக்கு ஒரு குதிரை. பதினாறு வயதில் அந்தக் குதிரையில் ஏறிப் போனவர் முப்பது வயதுவரை சண்டையைத் தவிர வேறெதையும் கற்றுக்கொள்ளவில்லை.

பிரான்சில் ஒரு கோட்டை முற்றுகையின்போது அவர் தொடையில் அம்பு பாய்ந்தது. விடாத மழை. படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. விழுந்தவர்களைத் தூக்க யாரும் திரும்பவில்லை. மார்வுட் சீமையின் பிரபு ரோலண்ட் மட்டும் திரும்பி வந்தார். சேறு அப்பிய கையால் ஆம்ப்ரோஸின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்.

"கத்தாதடா. கத்துனா இங்கயே போட்டுட்டுப் போயிருவேன்."

"போயிருங்க பிரபு. ரெண்டு பேரும் எதுக்குச் சாகணும்?"

"நீ செத்துட்டா சீட்டாட்டத்துல என்கிட்ட யாரு தோப்பா? வாயை மூடிட்டு வா."

கால் பிழைத்தது, நடை மட்டும் கோணிப் போயிற்று. ரோலண்டே அவரை அரண்மனைக்குக் கூட்டிப்போய் ராஜா முன்னால் நிறுத்தினார். ஐந்து வருடம் விடாமல் நச்சரித்து அவருக்குப் பிரபுப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். நாட்டுப் பிரபுக்களின் பட்டியலில் விண்ட்ரிங் என்ற பெயர் கடைசி வரியில் ஏறியது. பட்டம் கிடைத்த அன்று ரோலண்ட் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "கடைசி இருக்கைதான். ஆனா உக்கார ஒரு எடம்" என்றார்.

அரண்மனையில் ஆம்ப்ரோஸுக்குக் கிடைத்த வேலையை வெளியில் சொல்ல முடியாது. ராஜாவின் இடது காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. காலையும் மாலையும் வைத்தியர் கட்டு அவிழ்க்கும்போது கீழே கிண்ணம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குமுன் பிடித்த மூன்று பிரபு வீட்டுப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்து வேலையை இழந்தார்கள். ஆம்ப்ரோஸ் சுளிக்கவில்லை. போர்க்களத்தில் கூடாரம் கூடாரமாக அந்த வாடையோடு படுத்து எழுந்தவர். ராஜாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

பேசாமல் கிண்ணம் பிடித்ததோடு நின்றிருக்கலாம். புனிதர் அனைவரின் திருநாளன்று, தேம்ஸ் கரையில் இருந்த ரோலண்டின் வீட்டில் விருந்து. ரோலண்டையும் ஆம்ப்ரோஸையும் சேர்த்துப் பழைய படைக்காரர்கள் நாலு பேர். மற்ற இருவரும் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் குனிந்து ரோலண்டிடம் சொன்னார்:

"கால் கறுத்துப்போச்சு பிரபு. பிரான்சுல வெட்டி எறிஞ்சோமே, அந்தக் கால்களை மாதிரியே இருக்கு."

ரோலண்ட் சிரித்தார். "அப்போ அந்தக் கால் இருக்கிற இருப்புக்கு, அடுத்த மிக்கேல் திருநாளுக்கு நமக்குப் புது ராஜான்னு சொல்லு!"

ஆம்ப்ரோஸும் சிரித்தார். சரியாக அந்த நேரத்தில் வாத்து வறுவலோடு உள்ளே வந்தான் பரிமாறுகிறவன். அவன் காதில் விழுந்தது ரோலண்டின் பேச்சு மட்டும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கியபோது அவனுக்கும் ரோலண்டுக்கும் ஏதோ தகராறு வந்து வேலை போயிற்று. அவன் நேராக அரண்மனைச் செயலரிடம் போனான். ராஜா எப்போது சாவார் என்று வாயால் சொல்வதே ராஜத்துரோகம். தலைதான் விலை. மறுநாள் ரோலண்டைப் படகில் ஏற்றிக் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆம்ப்ரோஸின் மனைவி சிசிலி செய்தி கேட்டதும் கதவைச் சாத்தினாள்.

"காலைப் பத்தி அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"கேட்டா?"

ஆம்ப்ரோஸ் கோணல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நமக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க, மறந்துறாதீங்க" என்றாள் சிசிலி.

ஒரு பிரபுவைப் பிரபுக்கள்தான் விசாரிக்க வேண்டும். இருபத்தாறு பேருக்கு ஓலை போயிற்று. விசாரணை முடிந்ததும் கைதியை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். கேட்பது மேலிருந்து அல்ல, கீழிருந்து. பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் பயந்து அதையே சொல்வார்கள் என்று யாரோ நல்ல எண்ணத்தில் எந்தக் காலத்திலோ வைத்த முறை. ஆகவே பட்டியலின் கடைசிப் பெயர்தான் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.

விசாரணை நாள் காலையிலும் ஆம்ப்ரோஸ் கிண்ணம் பிடித்தார். வைத்தியர் துணியை மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். ராஜா கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னைக்கு மொதல்ல பேசப்போறது நீதானே?"

"ஆமாங்க மகாராஜா."

"சத்தமாப் பேசு. மண்டபம் பெருசு. கடைசிவரைக்கும் கேக்கணும்."

கிண்ணம் ஆடவில்லை. அதுதான் ஆம்ப்ரோஸுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ரோலண்டை நிறுத்தினார்கள். பக்கத்தில் கோடரி தாங்கிய காவலன். கோடரியின் வாய் கைதிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வழக்குரைத்தவர் கேட்டார்: "மகாராஜாவின் கால் எப்படி இருக்கிறதென்று உமக்கு யார் சொன்னது?"

ஆம்ப்ரோஸ் கோணல் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு மூக்கு இருக்கு" என்றார் ரோலண்ட். "இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் இருக்கு. வாய்தான் இல்ல."

எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். ரோலண்ட் கடைசி இருக்கைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவரை வெளியே கொண்டுபோனார்கள். வெள்ளைக் கோல் பிடித்த தலைமைப் பிரபு கூப்பிட்டார்: "விண்ட்ரிங் பிரபு அவர்களே, உங்கள் தீர்ப்பு என்ன?"

எழுவதற்குள் ஆம்ப்ரோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இதுதான்: இருபத்தாறில் நான் ஒருவன். முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது. நான் இல்லையென்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கிண்ணம்வரை வந்துவிடுவார்கள். அவரும் போவார், நானும் போவேன்.

வலது கையை இடது மார்பில் வைத்தார். "குற்றவாளி. என் மானத்தின் மேல் ஆணை."

சத்தமாகத்தான் சொன்னார். கடைசிவரை கேட்டது.

மற்ற இருபத்தைந்து பேரும் அதையே சொன்னார்கள். சிலர் சொல்லி முடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். திரும்ப ரோலண்டை அழைத்து வந்தபோது கோடரியின் வாய் அவர் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. தீர்ப்பை யாரும் வாசிக்கத் தேவையில்லை. அவர் கோடரியைப் பார்த்தார், பிறகு நேராகக் கடைசி இருக்கையைப் பார்த்தார். யார் முதலில் பேசியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த இருக்கையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தானே.

வெளியே படித்துறையில் ஆம்ப்ரோஸ் படகுக்காக நின்றபோது ஆஸ்விக் பிரபு பக்கத்தில் வந்தார். எழுபது தாண்டிய மனிதர். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ மட்டும் இல்லைன்னு சொல்லியிருந்தா, நானும் எழுந்து அதையேதாம்பா சொல்லியிருப்பேன்."

ஒரு வாரம் கழித்து ரோலண்டின் தலை விழுந்தது. மேடையில் அவர் ராஜாவை வாழ்த்தினார். வாழ்த்தினால் பிள்ளைகளுக்கு ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கை. எதுவும் மிஞ்சவில்லை. தேம்ஸ் கரை வீட்டை ராஜா ஆம்ப்ரோஸுக்குக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல முடியாத பரிசு. அந்த மேசையைத் தூக்கி எறியச் சொன்னாள் சிசிலி. அது எந்தக் கதவிலும் நுழையவில்லை. மேசையைப் போட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. ஆகவே அதிலேயே சாப்பிட்டார்கள். வாத்து மட்டும் சமைக்கவில்லை.

அந்த வருடத்துக்குள் இன்னும் இரண்டு பிரபுக்கள் தனியாக வந்து அதே வார்த்தையைச் சொன்னார்கள். நீங்க சொல்லியிருந்தா நானும். ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு நடுவில் கையை நிறுத்திவிட்டு இருபத்தைந்து முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். இவர் சொல்லியிருப்பாரா, அவர் சொல்லியிருப்பாரா என்று. மிக்கேல் திருநாள் ஒன்பது முறை வந்து போயிற்று. ராஜா சாகவில்லை. கால் அழுகிக்கொண்டே இருந்தது, ஆம்ப்ரோஸ் கிண்ணம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாம் வருடம் இன்னொரு பிரபுவுக்கு விசாரணை. இந்தமுறை ஆம்ப்ரோஸுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது: லோவெட் பிரபு. நாற்பத்தைந்து வயது, போன வசந்தத்தில் பட்டம் பெற்றவர். பெயர் கூப்பிட்டதும் லோவெட் எழுந்தார். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஆம்ப்ரோஸை ஒரு கணம் பார்த்தார்.

சொல்லு, என்று ஆம்ப்ரோஸ் மனசுக்குள் கெஞ்சினார். நீ இல்லைன்னு சொல்லு.

"குற்றவாளி" என்றார் லோவெட்.

அடுத்து ஆம்ப்ரோஸ் எழுந்தார். கை தானாகவே மார்புக்குப் போயிற்று. "குற்றவாளி. என் மானத்தின் மேல் ஆணை."

படித்துறையில் லோவெட் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் கோணல் நடையில் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"நீங்க மட்டும் இல்லைன்னு சொல்லியிருந்தா, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

லோவெட் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நெஜமாவா?"

படகு வந்து கல்லில் இடித்தது. ஆம்ப்ரோஸ் ஏறி உட்கார்ந்தார். கிழவர் ஆஸ்விக் அன்று பொய்தான் சொன்னார் என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும்தான். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒன்பது வருடமாக நினைத்து நினைத்துப் பார்த்த முகங்களை இனி நினைக்கத் தேவையில்லை. ஆனால் அதனால் மனசு ஒரு பிடிகூட லேசாகவில்லை. பிரான்சில், அந்த மழையில், வேறு யாராவது திரும்புகிறார்களா என்று பார்த்துவிட்டா ரோலண்ட் திரும்பி வந்தார்?

"எந்தக் கரைக்குங்க, பிரபு?" என்று படகுக்காரன் கேட்டான்.

"அரண்மனைக்கு" என்றார் ஆம்ப்ரோஸ். மாலைக் கட்டு அவிழ்க்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது.