காலி பண்ணின டப்பாக்கள்

செம்பூரில் அந்த வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கீழே இறங்கி விளையாட முடியாமல் எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். போதாததற்குக் கீழ்வீட்டு மராத்திச் சிறுமியும் காலையிலேயே மேலே வந்துவிடுவாள், மகளின் உயிர்த்தோழி. ஒரு நாள் தாங்க முடியாமல், தீர்ந்துபோன எண்ணெய் கேனைக் குறுக்கே வெட்டி, "வாங்கோ, இதுல பூந்தொட்டி பண்ணலாம்" என்றேன்.

முதலில் பெயிண்ட் ஒட்டவே இல்லை. பிசுக்கில் சிவப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் பிடித்தது. என் பொட்டு அட்டை முழுவதையும் மகள் அதன்மேல் ஒட்டினாள். தோழி என் நகப்பாலிஷால் கண் வரைந்தாள், தும்பிக்கை வரைந்தாள். திருப்புளியை அடுப்பில் காய்ச்சி நான் அடியில் ஓட்டை போட்டேன். பொட்டு வைத்த யானை ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"எனக்குத் தொட்டி?" என்று மகன் குதித்தான்.

"காலி டப்பா இருந்தா எடுத்துண்டு வா" என்று சொல்லிவிட்டு, மண் பையைப் பிரிக்கப் பால்கனிக்குப் போனேன்.

திரும்பி வந்தால், கழுத்துவரை டப்பாக்களை அணைத்துக்கொண்டு நிற்கிறான்.

"இத்தனை காலி டப்பா நமக்கு ஏதுடா?"

"காலியா இல்லம்மா. நான் காலி பண்ணிட்டேன்."

சமையலறைக்கு ஓடினேன். மாவு பிசையும் பேசினில் ஒரு செம்மலை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சாம்பார் பொடி, ரசப்பொடி எல்லாம் ஒன்றாக. கரண்டியால் நன்றாகக் கிளறியும் வைத்திருந்தான்.

"காப்பிப் பொடியைத் தொடல. அப்பா கத்துவா" என்றான் பின்னாலிருந்து.

திட்ட வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. பிறகு மகள் தும்மினாள், தோழி தும்மினாள், மகன் தும்மித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆன்ட்டி, ஏக் அவுர்!" என்று இன்னொன்று கேட்டுத் தோழி என் தும்மலுக்குக் கை தட்டினாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தும்மல், தும்மினால் சிரிப்பு. அப்போது, அணுசக்தி நகரிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வந்திறங்கிய கணவர், சொட்டும் குடையோடு கதவைத் திறந்தார்.

"என்ன ஆச்..." என்று ஆரம்பித்தவர் கேள்வியைத் தும்மலிலேயே முடித்தார். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

அத்தனை பொடியையும் கொட்ட மனசு வரவில்லை. பயந்துகொண்டே ஒரு கரண்டி எடுத்து உருளைக்கிழங்கில் போட்டு வதக்கினேன். கணவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணைக் கூட்டிப்போக வந்த கீழ்வீட்டு அம்மாவும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "கவுன்சா மசாலா ஹை?" என்று மசாலாவின் பெயரைக் கேட்டாள்.

"கம்லா மசாலா!" என்று மகன் கத்தினான். பூந்தொட்டிக்கு இந்தியில் கம்லா என்று அன்றைக்குத்தான் தோழியிடம் கற்றிருந்தான். கீழ்வீட்டு அம்மா ஒரு கிண்ணம் நிறைய வாங்கிக்கொண்டு போனாள். அளவு கேட்டு இன்னமும் விடவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

டப்பாக்களுக்கு மறுநாள் வர்ணம் அடித்து, மண் நிரப்பி, வெந்தயம் தூவி ஜன்னல் கம்பித் தட்டில் வரிசையாக வைத்தோம். சீக்கிரமே கீரை முளைத்தது. மிளகாய் டப்பாவில் வளர்ந்தது காரமாக இருக்கும் என்று பெண்கள் இருவரும் தொடவில்லை. மகன் மட்டும் ஒரு கொத்தைப் பிய்த்து மென்றான். கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, "பானி! பானி!" என்று அலறிக்கொண்டு வராந்தாவில் ஓடினான். பாசாங்கு என்று தெரியாமல், ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரோடு இரண்டு பேரும் அவனைத் துரத்தினார்கள்.